“அப்படியொரு தரவு பராமரிக்கப்படவில்லை”: எழுத்துக் கேள்வியில் பதில் நழுவாமல் பார்த்துக்கொள்வது எப்படி

2020 செப்டம்பர் 14. ஊரடங்குக்குப் பிறகு நாடாளுமன்றம் முதன்முறையாகக் கூடிய நாள். அந்தக் கூட்டத்தொடரில் கேள்வி நேரம் கிடையாது, எழுத்துப்பூர்வ பதில் மட்டும் உண்டு என்று ஏற்கெனவே முடிவாகியிருந்தது. ஊர் திரும்பும் வழியில் இறந்துபோன புலம்பெயர் தொழிலாளர்கள் எத்தனை பேர் என்று மக்களவையில் கேட்கப்பட்டது. அப்படியொரு தரவு பராமரிக்கப்படவில்லை என்றது தொழிலாளர் அமைச்சகம். குடும்பங்களுக்கு இழப்பீடு தரப்பட்டதா என்ற அடுத்த பகுதிக்கு, மேற்கண்ட பதிலைக் கருதும்போது கேள்வி எழவில்லை என்றது.

நான்கு நாள் கழித்து, செப்டம்பர் 18 அன்று, மாநிலங்களவையில் ரயில்வே அமைச்சகத்தின் எழுத்துப்பூர்வ பதில் வந்தது. புலம்பெயர் தொழிலாளர்களை ஊர் சேர்க்க விடப்பட்ட ஷ்ராமிக் சிறப்பு ரயில்களில் பயணம் செய்தபோது செப்டம்பர் 9 வரை இறந்தவர்கள் 97 பேர்.

அதே துயரம், அதே அரசு, அதே வாரம். முதல் கேள்வி போன இடத்தில், சாலையில் நடந்து செத்தவர்களை எண்ணும் பொறுப்பு யாருக்கும் இல்லை. இரண்டாவது கேள்வி போன இடத்தில் பதிவேடு இருந்தது. ரயிலில் ஒருவர் இறந்தால் போலீஸ் பதிவு உண்டு, பிரேதப் பரிசோதனை உண்டு, எந்த நிலையத்தில் உடல் இறக்கப்பட்டது என்ற குறிப்பு உண்டு. ‘தரவு இல்லை’ என்று சொல்ல அந்த அமைச்சகத்துக்கு வழியே இருக்கவில்லை.

எழுத்துக் கேள்வி எழுதுவது என்பது பெரும்பாலும் இதுதான். பதில் எந்தெந்த வழியாக நழுவும் என்று முன்கூட்டியே யோசித்து, அந்த வழிகளைக் கேள்வியிலேயே அடைப்பது. உறுப்பினர்களின் அலுவலகத்தில் கேள்வி வரைபவர்கள், தங்கள் தொகுதி உறுப்பினரிடம் கேள்வி எழுதிக் கொடுக்க விரும்பும் சங்கங்கள், இயக்கங்கள், பத்திரிகையாளர்கள் எல்லோருக்கும் பயன்படும் என்று சில விஷயங்களை இங்கே வரிசைப்படுத்தாமல், முக்கியமானதை விரித்தும் மற்றதைச் சுருக்கியும் எழுதுகிறோம்.

முதலில் அடிப்படை. நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் அவையில் எழுந்து பதில் சொல்வார், துணைக் கேள்வி கேட்கலாம். மக்களவையில் நாளொன்றுக்கு இவை 20, மாநிலங்களவையில் 15. நட்சத்திரக் குறியிடாதவற்றுக்கு எழுத்தில் மட்டுமே பதில், துணைக் கேள்வி கிடையாது. மக்களவையில் இவை நாளொன்றுக்கு 230, மாநிலங்களவையில் 160. தொலைக்காட்சியில் வருவது முதல் வகை. அரசிடமிருந்து எண்களைக் கறக்கப் பயன்படுவது இரண்டாவது வகை. கூச்சலில் அவை ஒத்திவைக்கப்பட்டு நட்சத்திரக் கேள்விகள் வாய்மொழிப் பதிலுக்கே வராமல் போனாலும், எழுத்துப் பதில்கள் அவை மேசைக்கு வந்துவிடும். இந்த ஒரு காரணத்துக்காகவே, தொகுதிக்குத் தேவையான தகவலை நட்சத்திரக் குறியில்லாமல் கேட்பதுதான் பத்திரம் என்பது எங்கள் கருத்து.

துணைக் கேள்வி கிடையாது என்பதன் பொருளை ஊன்றிப் பார்க்க வேண்டும். நட்சத்திரக் கேள்வி என்றால், துணைக் கேள்வி எப்படி வருமோ என்று அஞ்சி அதிகாரிகள் அமைச்சருக்குத் தனிக் குறிப்பு தயாரித்துக் கொடுப்பார்கள். எழுத்துக் கேள்விக்கு அந்த அச்சம் இல்லை. கேட்டதற்கு மேல் ஒரு சொல்லும் வராது. ஆகவே எல்லாப் பாரமும் அந்த 150 சொற்களின் மேல்தான். கேள்வி சாதாரணமாக 150 சொற்களைத் தாண்டக் கூடாது என்பது மக்களவை விதி.

யாரிடம் கேட்பது

கேள்வி வீணாவதற்கு முதல் காரணம் தவறான அமைச்சகம். எந்த வேலை யாருடையது என்பதை 1961ஆம் ஆண்டின் அலுவல் ஒதுக்கீட்டு விதிகள் தீர்மானிக்கின்றன. நம் பொதுப்புத்தி சொல்வதும் அந்த விதிகள் சொல்வதும் பல இடங்களில் வேறு வேறு. ஈஎஸ்ஐ மருத்துவமனையில் மருத்துவர் பற்றாக்குறை என்றால் அது தொழிலாளர் அமைச்சகத்துக்குப் போக வேண்டும், சுகாதாரத்துக்கு அல்ல. பட்டியல் சாதி மாணவர்களின் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை சமூகநீதி அமைச்சகத்தில் இருக்கிறது, கல்வியில் இல்லை. பழங்குடி மாணவர் என்றால் பழங்குடியினர் நல அமைச்சகம். இலங்கைச் சிறையில் இருக்கும் மீனவர் பற்றி வெளியுறவு அமைச்சகம் பதில் சொல்லும். அதே மீனவரின் படகுக்கான மானியம், காப்பீடு என்றால் மீன்வள அமைச்சகம்.

தவறாக அனுப்பினால் என்ன ஆகும்? நல்லபடியாக நடந்தால் கேள்வியைச் சரியான அமைச்சகத்துக்கு மாற்றிவிடுவார்கள். ஆனால் அமைச்சகங்கள் ஐந்து குழுக்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு குழுவுக்கும் வாரத்தில் ஒரு நாள் ஒதுக்கப்பட்டிருக்கிறது. மாற்றப்பட்ட கேள்விக்கு அந்த அமைச்சகத்தின் நாளில் இடம் கிடைத்தால்தான் உண்டு. கூட்டத்தொடர் மூன்று வாரமே நடக்கிற காலத்தில் ஒரு வாரம் தள்ளிப்போவது பெரிய இழப்பு.

இன்னொரு சுவர், மாநிலப் பட்டியல். காவல், பொது ஒழுங்கு, பொதுச் சுகாதாரம் போன்றவை மாநிலப் பொருள்கள். இவற்றைப் பற்றி நேராகக் கேட்டால் அரசியல் சாசனத்தின் ஏழாம் அட்டவணையைச் சுட்டிக்காட்டி இரண்டு வரியில் முடித்துவிடுவார்கள். மத்திய அரசின் பணமோ, சட்டமோ, வழிகாட்டு நெறியோ, அறிக்கைப் படிவமோ எங்கே அந்த விஷயத்தைத் தொடுகிறது என்று தேடி, அந்த முனையிலிருந்து கேட்க வேண்டும். அரசு மருத்துவமனையில் படுக்கை ஏன் இல்லை என்று கேட்டால் மாநிலப் பொருள். தேசிய சுகாதார இயக்கத்தின் கீழ் இந்த மாநிலத்துக்கு ஒப்புதலான தொகை எவ்வளவு, விடுவித்தது எவ்வளவு, பயன்பாட்டுச் சான்றிதழ் (பணம் உரிய வேலைக்குச் செலவானது என்ற சான்று) வராமல் நிற்பது எவ்வளவு என்று கேட்டால் மத்திய அமைச்சகம் பதில் சொல்லியே ஆக வேண்டும். மத்திய அரசின் கை எங்குமே படாத விஷயமென்றால் அது சட்டமன்ற உறுப்பினருக்கான கேள்வி. வீண் பிடிவாதம் வேண்டாம்.

2021 ஜூலை 20 அன்று மாநிலங்களவையில் வந்த ஒரு பதிலை கேள்வி வரைபவர்கள் அனைவரும் ஒருமுறை படித்துப் பார்ப்பது நல்லது. இரண்டாம் அலையில் ஆக்சிஜன் இல்லாமல் இறந்தவர்கள் பற்றிய கேள்வி அது. சுகாதாரம் மாநிலப் பொருள், இறப்புகளைப் பதிவுசெய்ய மாநிலங்களுக்கு விரிவான வழிகாட்டுதல் தரப்பட்டிருக்கிறது, ஆக்சிஜன் பற்றாக்குறையால் இறப்பு என்று மாநிலங்கள் குறிப்பாக எதையும் தெரிவிக்கவில்லை என்பது பதிலின் சாரம். நாடே கொந்தளித்தது. பதிலில் கவனிக்க வேண்டிய சொல் ‘குறிப்பாக’. மாநிலங்கள் நிரப்பி அனுப்பும் படிவத்தில் அப்படியொரு காரணத்தைக் குறிக்க இடம் இருந்ததா? இல்லாவிட்டால் யாரும் தெரிவித்திருக்க முடியாது. இது போன்ற பொருளில் கேள்வியின் முதல் பகுதி எண்ணிக்கையைக் கேட்கக் கூடாது. எந்தப் படிவத்தில், எந்தெந்தத் தலைப்புகளில், எத்தனை நாளுக்கு ஒருமுறை மாநிலங்களிடமிருந்து தகவல் பெறப்படுகிறது என்று கேட்க வேண்டும். எண்ணிக்கை இரண்டாவதாக வரட்டும். படிவத்தில் இடமே இல்லை என்பது எழுத்தில் வந்துவிட்டால், ‘யாரும் தெரிவிக்கவில்லை’ என்ற பதில் தானாகவே பலமிழந்துவிடும்.

கேள்வியை வரைவது

பழக்கத்தில் ஊறிப்போன ஒரு வடிவம் இருக்கிறது. (அ) இப்படி நடப்பது உண்மையா. (ஆ) ஆம் எனில் விவரம் என்ன. (இ) இல்லை எனில் காரணம் என்ன. (ஈ) அரசு எடுத்த நடவடிக்கை என்ன. நூற்றுக்கணக்கான கேள்விகள் இந்த அச்சிலேயே வார்க்கப்படுகின்றன. இதைவிடப் பலவீனமான வடிவம் இல்லை. நான்கு பகுதியும் (அ) என்ற ஒற்றை ஆணியில் தொங்குகின்றன. அதற்கு ‘இல்லை’ என்று ஒரு சொல் வந்தால் மீதி மூன்றும் ‘கேள்வி எழவில்லை’ என்று விழுந்துவிடும். ‘ஆம்’ என்று வந்தாலும், ‘விவரம் என்ன’ என்பதற்கு எதை விவரம் என்று கருதுவது என்பதை அதிகாரியே முடிவு செய்வார். ‘எடுத்த நடவடிக்கை’ என்று கேட்டால், 2005இலிருந்து வந்த திட்டங்கள் எல்லாவற்றின் பெயரும் இரண்டு பக்கத்துக்கு வரும்.

ஒவ்வொரு பகுதியும் தன் காலில் தனியே நிற்க வேண்டும். மதுரை எய்ம்ஸை எடுத்துக்கொள்வோம். 2015 பட்ஜெட்டில் தமிழ்நாட்டுக்கு எய்ம்ஸ் அறிவிக்கப்பட்டது. தோப்பூரில் 2019 ஜனவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. ‘மதுரை எய்ம்ஸ் பணிகள் தாமதமாவது உண்மையா, ஆம் எனில் காரணம் என்ன’ என்று கேட்டால், அடிக்கல் நாட்டிய தேதியும், பணிகள் நடந்துவருகின்றன என்ற வரியும் வரும். அதையே இப்படிக் கேட்கலாம்:

சுகாதாரம், குடும்ப நல அமைச்சர் கீழ்க்கண்டவற்றைத் தெரிவிப்பாரா:
(அ) தோப்பூர் எய்ம்ஸுக்கு முதலில் ஒப்புதலான மதிப்பீடு, பின்னர் திருத்திய மதிப்பீடுகள், ஒவ்வொன்றுக்கும் ஒப்புதல் கிடைத்த தேதி;
(ஆ) ஜப்பானியக் கடன், மத்திய அரசின் பங்கு என்று தனித்தனியாக, கடந்த மூன்று நிதியாண்டுகளிலும் நடப்பாண்டிலும் விடுவித்த தொகை, செலவான தொகை;
(இ) கட்டுமான ஒப்பந்தம் வழங்கிய தேதி, ஒப்பந்தப்படி முடிக்க வேண்டிய தேதி, இதுவரை அளிக்கப்பட்ட கால நீட்டிப்புகள், கட்டடவாரியாக முடிந்த பணியின் சதவீதம்;
(ஈ) ஆசிரியர், செவிலியர், பிற பணியாளர் என்று வகைவாரியாக அனுமதியான பணியிடங்கள், நிரப்பியவை;
(உ) ஆண்டுவாரியாகச் சேர்ந்த மாணவர்களின் எண்ணிக்கை, அவர்களுக்கு வகுப்பு நடக்கும் இடம்?

இதில் ‘உண்மையா’ என்ற சொல்லே இல்லை. தாமதம் என்று யாரும் குற்றம் சாட்டவில்லை. முடிக்க வேண்டிய தேதியும் நீட்டிப்புகளும் பக்கத்தில் பக்கத்தில் வந்துவிட்டால் தாமதத்தை வாசகரே கணக்கிட்டுக்கொள்வார். ஒரு பகுதிக்குப் பதில் மழுப்பலாக வந்தாலும் மற்ற நான்கும் அப்படியே நிற்கும்.

பணத்தைப் பற்றிக் கேட்கும்போது சொற்களில் கவனம் வேண்டும். ஒதுக்கியது, ஒப்புதல் அளித்தது, விடுவித்தது, செலவானது நான்கும் நான்கு எண்கள். ‘எவ்வளவு வழங்கப்பட்டது’ என்று பொதுவாகக் கேட்டால், நான்கில் பெரிய எண்தான் பதிலில் வரும். பட்ஜெட் மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, உண்மைச் செலவு மூன்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். அதேபோல ‘இதுவரை’ என்று கேட்காதீர்கள். திட்டம் தொடங்கிய நாளிலிருந்து குவிந்த கூட்டுத்தொகை வந்துவிடும். போன ஆண்டு எதுவுமே நடக்காதது அந்தப் பெரிய எண்ணுக்குள் மறைந்துவிடும். ஆண்டுவாரியாக, மாநிலவாரியாக, முடிந்தால் மாவட்டவாரியாகக் கேளுங்கள்.

எத்தனை ஆண்டு? ‘கடந்த மூன்று ஆண்டுகளும் நடப்பாண்டும்’ என்பதுதான் பழகிய அளவு. பத்தாண்டுக் கணக்கு கேட்டால், பழைய வரலாற்றைக் கேட்கக் கூடாது என்ற விதியில் அடிபடலாம். தகவல் திரட்ட ஆகும் உழைப்புக்கேற்ற பலன் இல்லை என்றும் பதில் வரலாம். நீண்ட கால ஓட்டம் தேவையென்றால், முந்தைய மூன்றாண்டுகளுக்கு ஏற்கெனவே வேறு யாராவது கேட்டிருப்பார்கள். பழைய பதில்களைத் தேடி எடுத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். நாடாளுமன்றத்தின் சன்சத் இணையதளத்தில் அமைச்சகம், உறுப்பினர், பொருள் என்று தேட வசதி இருக்கிறது.

நிராகரிப்புக்கான காரணங்கள் மக்களவை விதி 41இல் இருக்கின்றன. கேள்வி வரையும் ஒவ்வொருவரும் அதை அச்சிட்டு மேசையில் வைத்திருக்க வேண்டும். வாதம், ஊகம், கேலி, பழிச்சொல் இருக்கக் கூடாது. கருத்து கேட்கக் கூடாது. ‘அப்படி நடந்தால் அரசு என்ன செய்யும்’ என்ற கற்பனைக் கேள்வி கூடாது. நீதிமன்றத்தில் நிலுவையில் இருப்பதைத் தொடக் கூடாது. எளிதில் கிடைக்கும் ஆவணங்களில் இருப்பதைக் கேட்கக் கூடாது. தேவையில்லாமல் ஒருவர் பெயரைச் சேர்க்கக் கூடாது. ஏற்கெனவே பதில் வந்த கேள்வியையே சாரத்தில் திருப்பிக் கேட்கக் கூடாது. எங்கள் பார்வையில் நல்ல பொருளுள்ள கேள்விகள் பல அடிபடுவது கோபத்தால்தான். ‘அரசின் அலட்சியத்தால்’ என்ற இரண்டு சொல் உள்ளே நுழைந்தால் போதும், அது ஊகமாகிவிடும். பாதிக்கப்பட்டவர்களின் கோபம் நியாயமானது. அந்தக் கோபம் எந்த எண்ணைக் கேட்கிறோம் என்பதில் இருக்கட்டும், கேட்கும் சொல்லில் வேண்டாம்.

கேள்வியில் ஒரு தகவலைச் சொன்னால் அதன் உண்மைக்கு உறுப்பினரே பொறுப்பு. பத்திரிகைச் செய்தியை ஆதாரமாக வைத்தால், அந்தப் பக்கத்தைத் தேதியோடு கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். அதைவிட வலுவான ஆதாரம் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை. தணிக்கையில் ஒரு குறை சொல்லப்பட்டிருந்தால், அறிக்கை எண்ணையும் பத்தி எண்ணையும் குறிப்பிட்டு, அந்தப் பத்திக்குப் பிறகு அமைச்சகம் எடுத்த திருத்த நடவடிக்கை என்ன, எந்தத் தேதியில் என்று கேளுங்கள். அரசின் சொந்த ஆவணத்தை ‘உண்மையல்ல’ என்று சொல்வது எளிதல்ல.

நாளும் குலுக்கலும்

கேள்விக்கான நோட்டீஸ் கொடுக்க முழுதாகப் பதினைந்து நாள் அவகாசம் வேண்டும். கொடுக்கும் நாளும் பதில் வரும் நாளும் அந்தப் பதினைந்தில் சேராது. மக்களவையில் ஒரு உறுப்பினர் ஒரு நாளுக்கு ஐந்து நோட்டீஸ் வரை கொடுக்கலாம். எல்லா உறுப்பினர்களும் முழு அளவில் கொடுத்தால் 230 இடத்துக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கேள்விகள் போட்டி போடும். முன்னுரிமை குலுக்கலில் முடிவாகிறது. நல்ல கேள்வி என்பதற்காக முன்னால் வராது. ஆகவே ஒரே உறுப்பினரை நம்பி ஒரு முக்கியமான கேள்வியை விட்டுவிடக் கூடாது. ஒத்த கருத்துள்ள மூன்று நான்கு உறுப்பினர்கள், இரு அவைகளிலும், ஒரே பொருளை வேறு வேறு கோணத்தில் கேட்கட்டும். ஒருவர் பணத்தைக் கேட்டால், ஒருவர் பணியிடத்தை, ஒருவர் காலக்கெடுவை. சொல்லுக்குச் சொல் ஒரே மாதிரி இருந்தால் எல்லாரையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே பதில் தந்துவிடுவார்கள். கோணம் மாறினால் தனித்தனிப் பதில் கிடைக்கும், அவற்றை ஒன்றோடொன்று ஒட்டிப் பார்க்கவும் முடியும்.

நோட்டீஸ் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருக்க வேண்டும் என்பதால் நம் பக்கத்தில் ஒரு மொழிபெயர்ப்புப் படி கூடுதல். சங்கங்கள் தமிழில் எழுதிக் கொடுப்பதை அலுவலகத்தில் மாற்றும்போது பொருள் சிதைகிறது. ‘பட்டா’, ‘நத்தம்’, ‘புறம்போக்கு’ போன்ற சொற்களுக்கு மத்திய அமைச்சகங்கள் எந்தச் சொல்லைப் பயன்படுத்துகின்றன என்று பழைய பதில்களில் பார்த்து, அதையே எழுத வேண்டும். துறை தன் கோப்பில் வைத்திருக்கும் சொல்லில் கேட்டால்தான் துறைக்குக் கேள்வி புரியும். ‘புரியவில்லை’ என்பதும் நழுவ ஒரு வழி.

அனுமதிக்கப்பட்ட கேள்விகளின் பட்டியல் அமைச்சகத்துக்குப் போன பிறகு அங்கே நடப்பதையும் தெரிந்துகொள்வது உதவும். சம்பந்தப்பட்ட பிரிவில் வரைவு தயாராகி, சார்புச் செயலர், இயக்குநர், இணைச் செயலர், செயலர் என்று ஏறி அமைச்சரின் ஒப்புதலுக்குப் போகிறது. கையில் தகவல் இல்லாவிட்டால் கள அலுவலகங்களுக்கும் மாநிலங்களுக்கும் அவசர மின்னஞ்சல் பறக்கும். சில நாட்களுக்குள் எல்லாம் முடிய வேண்டும். மாதக்கணக்கில் தூங்கிய ஒரு கோப்பு, பதில் வருவதற்கு முன்பே நகர்ந்துவிடுவதும் உண்டு. ‘கேள்வி வந்திருக்கிறது’ என்ற ஒரே காரணத்துக்காக நிலுவைத் தொகை விடுவிக்கப்பட்டால், அந்தக் கேள்வி தன் வேலையைச் செய்துவிட்டது. பதிலில் அந்தப் பெருமை தெரியாமல் போனாலும் பரவாயில்லை.

பதில் வந்த பிறகு

பெரும்பாலான அலுவலகங்கள் தவறவிடும் இடம் இதுதான். பதிலை ஊடகத்துக்கு அனுப்பிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள்.

பதில் கைக்கு வந்ததும் ஒரு தாளை இரண்டாகப் பிரித்து, இடப்பக்கம் கேள்வியின் ஒவ்வொரு பகுதியையும், வலப்பக்கம் அதற்கு நேராகப் பதிலில் வந்த வாக்கியத்தையும் எழுதுங்கள். ‘(அ) முதல் (உ) வரை’ என்று ஒன்றாகச் சேர்த்து எழுதிய பதில்களில் இது கட்டாயம் தேவை. ஐந்து பகுதியையும் கலந்து நான்கு பத்தி எழுதியிருப்பார்கள். வாசிக்கும்போது எல்லாவற்றுக்கும் பதில் வந்தது போலவே தோன்றும். தாளில் பிரித்துப் பார்த்தால் (இ)க்கு எதிரே ஒன்றும் இருக்காது. அந்த வெற்றிடம்தான் அடுத்த கேள்வி.

பிறகு பதிலோடு வரும் இணைப்புத் தாள்களைப் பாருங்கள். எண்கள் எந்தத் தேதி நிலவரப்படி என்று அடியில் சிறிய எழுத்தில் இருக்கும். பதில் டிசம்பரில், தரவு மார்ச்சில் என்றால் இடைப்பட்ட ஒன்பது மாதம் தனிக் கேள்வி. சதவீதம் மட்டும் கொடுத்து மொத்த எண்ணிக்கையைத் தராவிட்டால் அதுவும் தனிக் கேள்வி. போன கூட்டத்தொடரில் அதே அமைச்சகம் அதே ஆண்டுக்குக் கொடுத்த எண்ணோடு ஒப்பிடுங்கள். முரண்பட்டால், இரண்டு பதில்களின் எண்களையும் தேதிகளையும் குறிப்பிட்டு, வேறுபாட்டுக்குக் காரணம் கேட்கலாம். பதில் தவறு என்று உறுதியாகத் தெரிந்தால், மக்களவையில் சபாநாயகரின் வழிகாட்டுதல் 115இன்படி அதைச் சுட்டிக்காட்ட நடைமுறை இருக்கிறது. உரிமை மீறல் என்று உடனே பாய வேண்டாம். வேண்டுமென்றே அவையைத் தவறாக வழிநடத்தினார்கள் என்று அங்கே நிரூபிக்க வேண்டியிருக்கும், அது மிகக் கடினம். திருத்தம் பெறுவது அதைவிடப் பயனுள்ளது.

முக்கியமான பதில் மழுப்பலாக வந்திருந்தால் விதி 55இன்படி அரைமணி நேர விவாதம் கேட்கலாம். எழுத்துக் கேள்வியிலிருந்தும் கேட்க முடியும். மூன்று நாள் முன்னதாக, ஏன் என்ற விளக்கக் குறிப்போடு நோட்டீஸ் கொடுக்க வேண்டும். இந்த வழியைப் பயன்படுத்துபவர்கள் குறைவு என்பது வருத்தம் தருகிறது.

விடாமல் தொடர்வதன் பலனுக்குப் பெரிய சான்று 1957இல் இருக்கிறது. எல்ஐசி தொடங்கி ஓராண்டுதான் ஆகியிருந்தது. தொழிலதிபர் ஹரிதாஸ் முந்த்ராவின் நிறுவனங்களில் அது பங்கு வாங்கியதைப் பற்றி மக்களவையில் கேள்வி வந்தது. முதல் பதில் பிடிகொடுக்காமல் இருந்தது. மீண்டும் கேட்கப்பட்டது. டிசம்பரில் ஆளும் காங்கிரஸின் உறுப்பினர் பெரோஸ் காந்தி அதை அவையில் விவாதமாக்கினார். நீதிபதி சாக்லா தலைமையில் ஒருநபர் விசாரணை ஆணையம் அமைந்து, பொதுமக்கள் முன்னிலையில் விசாரித்தது. 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். முதல் பதிலோடு திருப்தியடைந்திருந்தால் இதில் எதுவும் நடந்திருக்காது.

வாக்குறுதியைப் பிடித்துக்கொள்வது

‘தகவல் திரட்டப்பட்டு வருகிறது, அவை மேசையில் வைக்கப்படும்.’ ‘விஷயம் பரிசீலனையில் உள்ளது.’ இத்தகைய வரிகளைப் பார்த்ததும் பலர் சோர்ந்துவிடுகிறார்கள். உண்மையில் இவை சட்டெனப் பிடித்துக்கொள்ள வேண்டியவை. இப்படிப்பட்ட சொற்றொடர்களுக்கு ஒரு பட்டியலே இருக்கிறது. அவை பதிலில் வந்தால் அரசு உறுதிமொழியாகக் கணக்கில் கொள்ளப்படும். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும். இதைக் கண்காணிக்கவே மக்களவையில் 1953இலும் மாநிலங்களவையில் 1972இலும் அரசு உறுதிமொழிக் குழுக்கள் அமைக்கப்பட்டன. மூன்று மாதம் என்பது பல நேரங்களில் நீட்டிப்புகளால் ஆண்டுக்கணக்காகிறது என்பதும் உண்மை. அமைச்சகம் அந்த உறுதிமொழியையே கைவிட அனுமதிக்கும்படி குழுவிடம் கேட்கவும் செய்யும்.

ஆகவே உறுப்பினரின் அலுவலகத்தில் இதற்கென்று ஒரு பதிவேடு இருக்க வேண்டும். கேள்வி எண், தேதி, உறுதிமொழியான வாக்கியம் அப்படியே, மூன்று மாதம் முடியும் நாள். அந்த நாள் கடந்ததும் குழுத் தலைவருக்கு உறுப்பினர் கடிதம் எழுத வேண்டும். குழு துறைச் செயலரை நேரில் அழைத்து விசாரிக்க முடியும். சாதாரணக் கேள்வியால் எட்ட முடியாத இடம் அது.

பதிலில் ‘பரிசீலனையில்’ என்று வருவதற்கும் ‘தற்போது அப்படியொரு திட்டம் எதுவும் இல்லை’ என்று வருவதற்கும் உள்ள வேறுபாடு இங்கேதான். முதலாவது உறுதிமொழி, இரண்டாவது கதவை மூடுவது. அதிகாரிகளும் இதை நன்கு அறிந்தே சொற்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

குடிமக்களுக்கு இன்னொரு கிளை உண்டு. பதில் வெளியானதும், அந்தப் பதிலைத் தயாரிக்கக் களத்திலிருந்து பெறப்பட்ட அறிக்கைகளின் நகல் வேண்டும் என்று கேள்வி எண்ணைக் குறிப்பிட்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடலாம். கோப்பு இருக்கிறது என்பது நிச்சயமாகத் தெரிந்து கேட்பதால், ‘தகவல் இல்லை’ என்று முப்பது நாளில் பதில் எழுதுவது பொதுத் தகவல் அலுவலருக்குக் கடினம். பதிலுக்குள் சுருங்கிப்போன மாவட்ட விவரங்கள் பெரும்பாலும் அந்த அறிக்கைகளில்தான் கிடக்கும்.

கடவுச்சொல்லும் கைமாறும் கேள்வியும்

கடைசியாக ஒன்று, தயக்கமில்லாமல் சொல்ல வேண்டியது. கேள்வி கேட்கும் உரிமை உறுப்பினருடையது மட்டுமே. கேள்வி கேட்கப் பணம் வாங்கியது அம்பலமாகி, 2005 டிசம்பர் 23 அன்று பதினொரு உறுப்பினர்கள் நீக்கப்பட்டார்கள். பத்துப் பேர் மக்களவை, ஒருவர் மாநிலங்களவை. நாடாளுமன்ற இணையதளத்துக்கான தன் கடவுச்சொல்லை வெளியாளுக்குக் கொடுத்தது தொடர்பாக 2023 டிசம்பரில் மக்களவை உறுப்பினர் ஒருவர் நீக்கப்பட்டார். உதவியாளர் வரைவைத் தயார் செய்யலாம், சங்கம் பொருளை எடுத்துக் கொடுக்கலாம். பதிவேற்றுவதற்கு முன் உறுப்பினர் ஒவ்வொரு வரியையும் படித்து ஒப்ப வேண்டும். கடவுச்சொல்லும் கைப்பேசிக்கு வரும் ஒருமுறை எண்ணும் அவரை விட்டு வெளியே போகக் கூடாது.

வரைவு கொடுக்கும் அமைப்புகளும் தங்கள் பெயர், பொருளில் தங்களுக்குள்ள நலன், ஆதார ஆவணங்கள் மூன்றையும் ஒரு தாளில் எழுதி வரைவோடு சேர்த்தே கொடுக்கட்டும். ஒப்பந்தப்புள்ளியில் தோற்ற நிறுவனம் வென்ற நிறுவனத்தைப் பற்றிக் கேள்வி எழுதிக் கொடுப்பதும், கூலி கிடைக்காத தொழிலாளர் சங்கம் எழுதிக் கொடுப்பதும் ஒரே மேசைக்குத்தான் வருகின்றன. எது எது என்று அடையாளம் தெரிந்திருந்தால்தான் உறுப்பினர் எதைக் கையில் எடுப்பது என்று முடிவு செய்ய முடியும். அந்தத் தாளை நோட்டீஸின் நகலோடு, பதில் வந்த பிறகு பதிலோடும் சேர்த்து, ஒரே கோப்பில் வைத்துவிடுங்கள். அடுத்த கூட்டத்தொடரில் இதே பொருளில் கேள்வி வரையும்போது முதலில் எடுக்க வேண்டியது அந்தக் கோப்பைத்தான்.